பழைய காரைக் கிளப்பும் முறை

பாட்டரி வலுவிழந்த காரை மற்றொரு பாட்டரியின் துணையால் கிளப்புவதை நாம் கண்டிருப்போம். பழங்காலக் காரில் இதைச் செய்யக் கூடுதல் கவனம் தேவை. தவறினால் கண்ணே போய்விடக்கூடும்!

1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அதற்கும் 12 வோல்ட்தான். ஆனால் அதில் பாட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களிலோ எதிர்முனை இணைந்திருக்கும். எனவே கம்பிகள் மாட்டியிருக்கையில் இவ்விரு கார்களும் உரசினால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுக் கம்பிகள் பழுக்கக் காய்ந்துவிடும். ஆகையால் 12 வோல்ட் பாட்டரி ஒன்றைத் தனியே கொண்டுவந்து பயன்படுத்துவதே நல்லது.

முதலில் இரு பாட்டரிகளின் எதிர்முனைகளையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். பிறகு நல்ல பாட்டரியின் நேர்முனையில் மற்றொரு கம்பியை மாட்டி, அதன் மறுநுனியைப் பழைய பாட்டரிக்குத் தள்ளி, எஞ்சினின் வெற்று உலோகத்தில் பொருத்த வேண்டும். ஏன் தெரியுமா? கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவில் அது பட்டால் பாட்டரி வெடித்து, கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். எஞ்சின் கிளம்பியபின், கடைசியில் மாட்டியதையே முதலில் கழற்ற வேண்டும்.

1960-களின் நடுப்பகுதிவரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு 6 வோல்ட் மட்டுமே. 12 வோல்ட் கொடுத்தால் விளக்குகள் கருகிவிடும்.

பழைய கார்களின் இணைப்பைப் பின்னாளில் மாற்றியவர்களும் உண்டு. ஆகவே எத்தனை வோல்ட், எந்த முனை உடலோடு சேர்ந்தது என்று கண்ணால் பார்த்த பின்பே கம்பியைத் தொடுவோம். ஐயமிருந்தால் மெக்கானிக்கை அழைப்போம்.