சிங்கமீன் வேட்டைக்கு இறங்குமுன்

பஹாமாஸ், பொனேர், கேமன் தீவுகளின் பவளப்பாறைகளுக்குச் சிங்கமீன் அந்நியம். யாரோ மீன்தொட்டியிலிருந்து கடலில் விட்டதன் வம்சம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1985இல் புளோரிடா அருகே தென்பட்டது, 2004இல் பஹாமாஸை எட்டியது, பிறகு சில ஆண்டுகளிலேயே கரீபியன் கடலெங்கும் பரவிவிட்டது. இனி அடியோடு ஒழிக்க வழியில்லை. ஆனால் முக்குளிப்பவர்கள் தொடர்ந்து பிடித்துவரும் பாறைகளில் மற்ற மீன்கள் பிழைக்கின்றன.

செய்ய வேண்டியவை

• விடாமல் பிடியுங்கள். ஒரு பெண்மீன் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டைகள் வரை இடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் வாரக்கணக்கில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். பஹாமாஸில் ஆய்வு செய்த பாறைகளில் இரண்டே ஆண்டுகளில் இரைமீன்களின் மொத்த எடை சுமார் 65 விழுக்காடு சரிந்தது. ஆண்டுக்கொரு போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் மட்டும் போதாது.

• முதலில் அனுமதி வாங்குங்கள். கேமன் தீவுகளில் உரிமம் பெற்றவர்களே இதற்கு ஈட்டி எடுக்கலாம்.

• முள் குத்தினால் உடனே கரையேறி, பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் சிதையும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. மறுகையால் பதம் பாருங்கள். மூச்சுத் திணறினால் வெந்நீரோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

• சமைத்துச் சாப்பிடுங்கள். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, அடித்துடுப்பில் 3 என நச்சு முட்களில்தான் விஷம், சதையில் இல்லை. சிகுவாட்டெரா நச்சு சில பாறைகளின் மீன்களில் சேர்வதுண்டு, ஆகவே எந்தப் பாறை மீன் நல்லது என்று உள்ளூர் மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஈட்டியால் குத்திய மீனைச் சுறாவுக்கோ களவா மீனுக்கோ நீட்டாதீர்கள். சிலர் நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அவை சிங்கமீனை வேட்டையாடப் பழகுவதில்லை. ஆளைக் கண்டால் இரை கிடைக்கும் என்று பழகி, அடுத்து இறங்குபவரை நெருக்குகின்றன.

• செத்துவிட்டதே என்று வெறுங்கையால் தொடாதீர்கள். நஞ்சு அப்போதும் வேலை செய்யும்.

• மன்னார் வளைகுடாவில் இதைக் கண்டால் கொல்லாதீர்கள். இந்திய, பசிபிக் பெருங்கடல்களே இதன் சொந்த வீடு. இங்கே அது பிறந்த இடத்தில் வாழ்கிறது.

• வளர்க்க முடியாத தொட்டி மீனை, எந்த இனமானாலும், கடலிலோ ஆற்றிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.