நீரின் வெப்பமும் மீனின் வாழ்வும்

முதல் நாள் மாலை துள்ளி விளையாடிய மீன்கள் மறுநாள் விடியலில் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. யாரோ தூபா வேரைக் கலக்கிவிட்டார் என்று அண்டை வீட்டாரை ஐயுறுகிறோம். பல வேளைகளில் காரணம் பகையன்று, நீரின் வெப்பமே.

குளிர்நாட்டு மீன்கள் வெப்பத்தை எதிர்நோக்கி வாழ்பவை. வட அமெரிக்காவின் கிராப்பி மீன், குளிர்காலம் கழிந்து நீர் ஏறத்தாழ 18 பாகை சென்டிகிரேடை எட்டும்போது கரையோரம் வந்து முட்டையிடும். பேராக்கின் தோட்டக் குளங்களிலும், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பக் குட்டைகளிலும் அத்தகைய பருவமாற்றம் இல்லை. நீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ஆகவே, நம் முதியோர் 'ஜப்பான் மீன்' என்றழைத்த திலாப்பியா எல்லா மாதங்களிலும் இனம் பெருக்குகிறது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். அடிக்கடி பிடிக்காவிடில் குளத்தில் கூட்டம் மிகுந்து, விரலளவு மீன்களே மிஞ்சும்.

விராலுக்கு மழையே அழைப்பு. புதுநீர் பெருகும்போது களைகளுக்கிடையே கூடமைத்து முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுகளைக் காவல் காக்கும். அப்போது தாய் தந்தையைத் தூண்டிலில் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். சிறிது பொறுத்தல் நமக்கே இலாபம்.

இனி, அந்த விடியற்காலை இழப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் நீர் 20 பாகையில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையிலோ ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடுகிறது. பகலில் பாசி பிராணவாயுவைத் தருகிறது. இரவில் அதுவும் அதை உட்கொள்கிறது. எனவே விடியலுக்குச் சற்று முன்னரே தட்டுப்பாடு மிகுதி. நாள் முழுதும் வானம் மூடியிருந்தாலோ, கடும் வெயிலுக்குப்பின் பெருமழை பெய்து அடிநீர் மேலே கலந்தாலோ நிலைமை முற்றும். பெரிய மீன்கள் முதலில் மாள்வதும், காற்றைச் சுவாசிக்கவல்ல விராலும் கெளுத்தியும் பிழைத்திருப்பதும் இதன் அடையாளங்கள்.

மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கக் கண்டால் உடனே தீனியை நிறுத்துக. தின்னாத தீனி அழுகி, எஞ்சிய பிராணவாயுவையும் குடித்துவிடும். நல்ல நீரை உயரத்திலிருந்து விழவிடுக. குழாய் இல்லையெனில் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினாலும் பயனுண்டு.

அத்தகைய காலையில் தூண்டிலிட்டும் பயனில்லை. மூச்சுக்குத் தவிக்கும் திலாப்பியா புழுவை நாடாது. வெயில் ஏறி இரண்டு மணி நேரம் கழித்துச் செல்லலாம். ஈயலம்பக் குட்டையாயின் கரை செங்குத்தானது, ஆழமும் மிகுதி; சிறுவர்களைத் தனியே அனுப்பலாகாது.