தறி பின்னால் போகாது

அன்புள்ள தங்கைக்கு,

உன் அனிமேஷன் தொடரில் நீ அனுப்பிய நான்கு குறும்பகுதிகளையும் பார்த்தேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெரு, திண்ணை, குழித்தறி, சாயங்காலம் தார் சுற்றும் பாட்டி, டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொள்ளும் பேத்தி. ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம். யாரும் யாரையும் பழிவாங்கவில்லை, யாருக்கும் வெள்ளிக்கிழமை இரவு பார்த்து நெஞ்சுவலி வரவில்லை. தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே பெரிய ஆறுதல். கோடு நன்றாக வருகிறது, நிறமும் வருகிறது. அவற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. உன் கதையில் காலம் ஓடுகிற விதம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரண்டாம் பகுதியில் அப்பா நெய்கிற அரக்குச் சேலைக்கு, உடலோடு முந்தானையைச் சேர்க்கும் பேட்னி போட்டாகிவிட்டது, முந்தானைக்கு நிறம் மாறிவிட்டது. மூன்றாம் பகுதி மறுநாள் காலை என்று நீயே காட்டுகிறாய். அதில் அதே சேலை உடலின் நடுவில் நிற்கிறது, படைமரத்தில் சுற்றியிருந்த துணியும் இளைத்துப் போயிருக்கிறது. வெளியூர்க்காரர் கவனிக்கமாட்டார். உன் தெருவில் நாடா எறிந்து பழகிய எவரும் அந்த இடத்தில் கதையை விட்டுவிட்டுத் தறியைத்தான் பார்ப்பார். ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் ஒரு மாதம். அந்த நாட்களில் தறி ஒரு விரற்கடை முன்னால் போகும், நிற்கும், ஒருபோதும் பின்னால் வராது. உன் கதையில் நடுக்கூடத்தில் இருக்கிற பெரிய கடிகாரம் அதுதான்.

ஒன்றுமே நடக்காத கதைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்பாய். சதியும் சண்டையும் நிறைந்த கதையில் பார்க்கிறவர் அடுத்தது என்ன என்று ஓடிக்கொண்டிருப்பார், சுவரைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. உன் கதையில் அவருக்கு நேரம் நிறைய. சுவரில் தொங்கும் காலண்டரில் என்ன தேதி கிழித்திருக்கிறது என்றுகூடப் பார்ப்பார்.

நீ ஜப்பானியத் தொடர்களை நிறையப் பார்க்கிறாய் என்பது பின்னணிகளிலேயே தெரிகிறது. அவற்றில் காலத்தை நிறுத்தி வைக்கும் வகையை முதலில் எடுத்துக்கொள். நமக்கும் அது புதிதில்லை. பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் 1963-ல் குமுதத்தில் தொடங்கிய அப்புசாமி தாத்தாவும் சீதாப்பாட்டியும், எழுதியவர் 2017-ல் மறையும்வரை அதே தாத்தா, அதே பாட்டிதான். ஓவியர் ஜெயராஜின் கோட்டில் அவர்களுக்கு ஒரு சுருக்கம் கூடவில்லை. ஜப்பானில் இதற்குப் பெரிய உதாரணம் 'சசாயே-சான்'. மச்சிகோ ஹசெகாவா 1946-ல் செய்தித்தாளில் வரையத் தொடங்கிய குடும்பம், 1969 அக்டோபர் 5 அன்று தொலைக்காட்சிக்கு வந்தது. இன்னும் ஞாயிறுதோறும் மாலையில் வருகிறது. முதல் நாள் சசாயேவுக்குக் குரல் கொடுத்த மிதோரி கத்தோதான் இன்றும் கொடுக்கிறார். சசாயேவுக்கு இருபதுகள் தாண்டவில்லை, குரலுக்கு எண்பது தாண்டிவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் பருவங்கள் நிற்பதில்லை. மழைக்காலத்தில் மழை, வசந்தத்தில் செர்ரிப் பூ, ஜனவரியில் புத்தாண்டு. ஆண்டு சுற்றுகிறது, வயது மட்டும் ஏறுவதில்லை. 'ஷின்சான்' தொடரில் இன்னும் வேடிக்கை: 1996-ல் அந்தப் பையனுக்கு ஹிமாவாரி என்ற தங்கை பிறந்தாள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் நிலையாக இருக்கிறாள், அவள் பிறந்ததை யாரும் மறக்கவில்லை. இவனோ ஐந்து வயதைத் தாண்டவில்லை, அவளும் கைக்குழந்தைதான். உறவுகள் சேர்ந்துகொண்டே போகும், பிறந்தநாட்கள் கணக்கில் வராது என்பது அந்தத் தொடரின் சட்டம். சட்டம் எதுவாக இருந்தாலும் சரி, ஒன்று இருக்க வேண்டும். உன் நான்கு பகுதிகளில் அது இல்லை. பாட்டியின் முழங்கால் வலி தொடர்கிறது, பேத்தி உடைத்த கண்ணாடி மறுபகுதியில் தானாக ஒட்டிக்கொள்கிறது, சேலை பின்னால் போகிறது.

காலத்தை நிறுத்துவதற்கு ஒரு விலையும் உண்டு. 1969-ல் சசாயேவின் வீடு பக்கத்து வீடு. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருந்து, கைபேசி இல்லாமல் வாழும் அந்த வீடு இன்று ஏக்கத்துக்குரிய பொருளாகிவிட்டது. உன் தெருவில் இந்த விலை இன்னும் அதிகம். கோர்வைத் தறியில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா வேண்டும், கரை நாடா எறியப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். 1980-களில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பையன். உன் முதல் பகுதியில் அவன் இருக்கிறான், அழகாகவும் இருக்கிறான். அதே காட்சியில் பேத்தி செல்போனில் வீடியோ பார்க்கிறாள். இரண்டு காலத்தை ஒரே திண்ணையில் உட்கார வைத்திருக்கிறாய். ஓய்வான கதை என்ற பெயரில் அந்தப் பையனின் பள்ளிக்கூடம் காணாமல் போகிறது. அவன் வேண்டுமானால் கதையை 1985-க்குக் கொண்டுபோ. இன்றைய தெரு வேண்டுமானால் அந்த இடத்தில் அம்மாவை உட்கார வை. இரண்டையும் கலந்து 'அந்தக் காலம்' என்று ஒரு பொதுக் காலம் செய்யாதே. காஞ்சிபுரத்தைப் பற்றிய படங்களில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

காலத்தை ஓடவிடும் வகைதான் எனக்குப் பிடித்தது, உனக்கும் அதையே சொல்வேன். 'கே-ஆன்!' பார்த்திருப்பாய், பள்ளி இசைக்குழுப் பெண்கள் டீ குடித்துக்கொண்டே இருப்பார்கள். 2009-ல் வந்த முதல் பருவத்தின் 12 பகுதிகளுக்குள் ஏறத்தாழ இரண்டு பள்ளியாண்டுகள் ஓடிவிடும். 2010-ல் வந்த இரண்டாம் பருவம், கூடுதல் பகுதிகளை விட்டுவிட்டால், 24. அத்தனையும் கடைசி ஓராண்டுக்கு. பிரிவு நெருங்க நெருங்கக் காலம் மெதுவாகிறது, பிரிவு என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. கீழ்வகுப்பிலிருந்து சேர்ந்த அசுசாவுக்குத் துணையாக அவர்கள் ஓர் ஆமையை வாங்கி அறையில் வைக்கிறார்கள். பெரியவர்கள் போனபிறகும் தொட்டியில் ஆமை இருக்கும். இயக்குநர் நவோகோ யமாதா அழவைக்கும் வசனம் எதையும் தேடிப் போகவில்லை, அத்தியாயங்களின் எண்ணிக்கையை வைத்தே வேலையை முடித்துவிட்டார்.

'நான் நான் பியோரி' இன்னொரு வழி. ஐந்தே பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளிக்கூடம். 2013-ல் ஒரு பருவம், ஓராண்டு. 2015-ல் வந்த இரண்டாம் பருவம் அதே ஆண்டுக்குத் திரும்பிப்போய், முன்பு காட்டாமல் விட்ட நாட்களைக் காட்டியது. 2021-ல் வந்த மூன்றாவதில்தான் அந்த ஆண்டு முடிந்து, எல்லோரிலும் சின்னவளான ரெங்கே அடுத்த வகுப்புக்குப் போகிறாள். எட்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு வகுப்பு ஏறுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். 'ஹிடமாரி ஸ்கெட்ச்' போல நாட்களைக் கலைத்துப் போடுகிற விளையாட்டும் உண்டு. அதை இப்போது தொடாதே. நேராகப் போடத் தெரிந்தபிறகு கலைக்கலாம்.

சரி, உன் தெருவுக்கு எந்த நாட்காட்டி? ஜப்பானியத் தொடரில் ஜூன் வந்தால் பள்ளிச் சீருடை அரைக்கைக்கு மாறும், அக்டோபரில் திரும்பும். தேதி எழுதாமலே மாதம் தெரிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் ஒரே சீருடை. அதனால் அந்த உத்தியை அப்படியே இங்கே கொண்டுவராதே, உனக்கு அது தேவையுமில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டுக்கு வேகம் குறையும். ஆவணி பிறந்தால் முகூர்த்தம், பிறகு தீபாவளி அவசரம். ஐப்பசி மழையில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறும். வைகாசியில் வரதர் கருட சேவைக்குக் கிளம்பும் விடியலில் ஊர் முழுவதும் வாசலுக்கு வந்துவிடும். இத்தனை இருக்கும்போது நீ 'மூன்று மாதங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு.

நிலவையும் பார்த்து வரை. நான்காம் பகுதியில் ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரம், திருக்கல்யாணம், கூட்டம், பொரி எல்லாம் இருக்கிறது. வானத்தில் பிறை. உத்திரத்தன்று நிலா ஏறத்தாழ முழுதாக இருக்க வேண்டும் என்று உன் பாட்டியே சொல்லியிருப்பாரே!

நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்திவரதரைக் கதைக்குள் கொண்டுவர ஆசை என்று எழுதியிருக்கிறாய். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் ஊர் எப்படி இருந்தது என்பது உனக்கே நினைவிருக்கும். அதை வரைந்தால் உன் ஓய்வான தொடர் நெரிசலில் மாட்டிக்கொள்ளும். அந்த நாட்களைக் காட்ட வேண்டாம், கணக்கு மட்டும் இருக்கட்டும். 1979-ல் சிறுமியாகப் பார்த்த பாட்டி 2019-லும் பார்த்துவிட்டாள். அடுத்தது 2059. 2015-ல் பிறந்த பேத்திக்கு அப்போது நாற்பத்துநான்கு. திண்ணையில் அவள் விரல்விட்டு எண்ணி அதைச் சொல்லட்டும், பாட்டி தார் சுற்றுவதை நிறுத்தாமல் 'அப்போ டியூஷன் இருக்காது போ' என்று சொல்லட்டும். அதற்குமேல் வேண்டாம்.

வேலைக்கு வருவோம். ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள், தை முதல் மார்கழி வரை. பன்னிரண்டு பகுதி போதும். வரையத் தொடங்குமுன் சுவரில் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் திதி, தறியில் எந்தச் சேலை, அது எவ்வளவு ஏறியிருக்கிறது, பேத்தியின் எந்தப் பல் விழுந்திருக்கிறது என்று எழுது. மற்றதெல்லாம் பழையபடி திரும்பலாம். கோபம் மறக்கலாம், உடைந்த சைக்கிள் சரியாகலாம். தாளில் எழுதிய இந்த நான்கும் மட்டும் திரும்பக் கூடாது. இன்னொன்றும் செய். எதிர்வீட்டுத் தறியின் சத்தத்தை முதல் பகுதியிலிருந்தே பின்னணியில் வை. ஆடிக்குப் பிறகு எடுத்துவிடு. ஏன் என்று எந்தப் பாத்திரமும் சொல்ல வேண்டாம். எதிர்வீட்டுப் பையன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் பஸ் ஏறுவதை எங்காவது ஓரத்தில் காட்டினால் போதும்.

ஐந்தாம் பகுதிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். பாவு பிணைப்பதைச் செய். பழைய பாவின் வால் இழைகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிச் சேர்க்கிற வேலை. உன் வீட்டிலேயே நடப்பதால் இது ஒரு கதையாகும் என்று உனக்குத் தோன்றியிருக்காது. ஆறு நிமிடமும் அதுவே இருக்கட்டும். ஆனால் சோக இசையை மட்டும் போட்டுவிடாதே. பிணைக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணம், கூலி பாக்கி, நேற்றுப் பார்த்த சீரியல், யார் வீட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்று ஓயாமல் பேசுவார்கள். அடுத்த முறை பிணைக்கும்போது செல்போனில் அந்தப் பேச்சைப் பதிவு செய், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு. வசனத்தை நீ எழுத வேண்டியதே இருக்காது.

அன்புடன்,
உன் அண்ணன்