அஞ்சும் நாய்க்கு வீடு தேடுதல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுக்க ஒருவர் கிடைக்கும்வரை, காப்பகக் கூண்டில் அடைத்து வைக்காமல் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவைப்பது தற்காலிக வளர்ப்பு எனப்படுகிறது; விலங்குநல ஆர்வலர்கள் பேச்சு வழக்கில் இதை ‘ஃபாஸ்டர்’ என்பர். வாலாட்டி ஓடிவரும் நாய்க்கு விரைவில் வீடு அமைந்துவிட, கட்டிலுக்கடியில் பதுங்கி, ஆளரவம் கேட்டால் சோற்றையும் தொடாத நாய் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவதற்கு அதன் அச்சம் மட்டுமே காரணமன்று. அந்த அச்சத்தைப் பற்றி நல்லெண்ணம் கொண்டோரிடையே வழங்கும் தவறான நம்பிக்கைகளுக்கும் அதில் பங்குண்டு.

“பயப்படுகிறதென்றால், யாரோ அடித்திருக்கிறார்கள்.”

அடிபட்டு அஞ்சும் நாய்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சத்தைக் கண்டவுடன் அடியை ஊகிப்பது பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பின்றி நாய்க்குட்டிகளை வளர்த்து, சிலவற்றை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுச் செய்த ஆய்வு 1961இல் வெளியானது. பதினான்கு வாரம்வரை எவருடனும் பழகாதிருந்த குட்டிகள், ஓர் அடியும் பட்டறியாதவையாயினும், மனிதரைக் கண்டால் காட்டு விலங்குபோல் விலகி ஓடின. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம்வரையிலான இப்பருவம் ‘சமூகப் பழக்கப் பருவம்’ எனப்படுகிறது. அக்காலத்தில் காணாதவற்றைப் பிற்காலத்தில் நாய் ஆபத்தாகவே கொள்ள முனைகிறது. மரபும் இதில் சேர்கிறது: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஆய்வாளர்கள் அச்சமுள்ள பாயின்டர் இன நாய்களையே தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வித்தபோது, அச்சம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

இத்திருத்தம் ஏட்டளவில் நிற்பதன்று. ‘கொடுமைக்காளான நாய், அன்புக்கு ஏங்குகிறது’ என்று எழுதப்படும் அறிவிப்பு இரக்கமுள்ளோரை அழைத்துவருகிறது. அவர்களோ தாம் காட்டும் அன்புக்கு நாய் உருகிவிடும் என்று எதிர்பார்த்து வருகின்றனர். தெருவோசையையும் அந்நியரையும் குட்டிப்பருவத்தில் அறியாத நாய்க்கு அந்த அன்பே தாங்கமுடியாத நெருக்கடியாக இருக்க, மனம் புண்பட்டவர்கள் அதைத் திருப்பி அனுப்புவதில் வியப்பில்லை. இரக்கத்தைத் தூண்டும் கதையைவிட, எந்த ஓசைக்கு அந்நாய் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும் என்ற ஒற்றை வரித் தகவல் மிகுந்த பயனுடையது.

“பயந்திருக்கும்போது தட்டிக்கொடுத்தால் பயம் வளரும்.”

பரிசளித்தால் வலுப்பெறுவது செயல்; அச்சமோ நாய் தானே தேர்ந்து செய்யும் செயலன்று, தன்னிச்சையின்றி எழும் உணர்ச்சி. தானாக வந்து ஒண்டிக்கொள்ளும் நாயை ஆறுதலாக வருடுவதில் தீங்கில்லை. விலகி நிற்கும் நாயை இழுத்து அணைப்பது வேறு.

“கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் தானாகப் பழகிவிடும்.”

அஞ்சும் பொருளின் நடுவே தப்ப வழியின்றி ஓருயிரை நிறுத்துவது உளவியலில் ‘வெள்ளமாக்கல்’ எனப்படும். தத்தெடுப்பு முகாமில் இவ்வாறு நிறுத்தப்பட்ட நாய் அசையாமல் இருப்பதைக் கண்டு ‘எவ்வளவு சாது’ என்று பாராட்டுவோர், சுருட்டி வயிற்றோடு ஒட்டிய வாலையும், பின்னுக்கு மடிந்த காதுகளையும், வெண்விழி தெரியும் ஓரப்பார்வையையும், தூக்கமில்லாமலே விடும் கொட்டாவியையும் கவனிப்பதில்லை. அது சாதுத்தன்மையன்று, உறைந்துபோதல். தின்பண்டத்தைக் கையில் நீட்டி அருகே வரவழைப்பதும் முழுத் தீர்வாகாது, ஏனெனில் பசியால் வந்த நாய், தின்று முடித்ததும் அந்நியர் காலடியில் நிற்பதை உணர்ந்து வெருள்கிறது. ஆகவே பண்டத்தை நாய்க்குப் பின்புறமாக எறிந்து, விலகிப்போய்த் தின்னவும் விரும்பினால் திரும்பி வரவும் அதற்கே உரிமை கொடுப்பது பயிற்சியாளர்கள் கையாளும் முறை. கொல்கத்தாவிலுள்ள ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்களிடையே நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்விலும், முன்பின் அறியாதவர் கொடுக்கும் உணவை நாய்கள் கையிலிருந்து பெறுவதைவிடத் தரையிலிருந்து எடுப்பதையே விரும்பின. நாள்பட்ட சந்திப்புகளில் நம்பிக்கையை வளர்த்ததோ கூடுதல் உணவன்று, வருடலே. வருடலை ஏற்கும் நிலைக்கு நாய் தானாக வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

“முதலில் முழுதும் தேறட்டும், பிறகு வீடு தேடலாம்.”

அஞ்சும் நாய்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியளிக்கும் திட்டத்தை அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 2013இல் நியூஜெர்சியில் தொடங்கி, 2018இல் வட கரோலினாவின் வீவர்வில்லில் நிரந்தர மையம் அமைத்தது. அத்திட்டத்தில் பயின்ற 441 நாய்களில் 86 விழுக்காடு தத்துக்குரிய நிலையை எட்டின; ஆயினும் அந்நிலை என்பது அச்சமே அற்ற நிலையன்று, சமாளித்து வாழும் நிலைதான். அம்மையத்தில் அச்சமற்ற நாய்கள் துணைக்கு வைக்கப்படுவதும் குறிப்பிடத்தக்கது; ஏற்கெனவே சாந்தமான நாய் உள்ள வீடு பல நேரங்களில் ஆள்நடமாட்டம் குறைந்த தனிவீட்டைவிடப் பொருத்தமாகிறது.

தற்காலிக வளர்ப்பின் பயன் நாயைக் குணப்படுத்துவதைக் காட்டிலும் அதை அறிவதில்தான் மிகுதி. ஆய்வாளர் லிசா கன்டர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து காப்பகங்களின் நாய்களை ஓரிரு இரவு வீடுகளில் தங்கவைத்தபோது மன அழுத்தச் சுரப்பான கார்டிசாலின் அளவு குறைந்து, காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது. கூண்டில் காணும் குணம் நாயின் முழுக்குணமாகாது என்பதற்கு இது சான்று. குக்கர் விசிலுக்கு ஓடுகிறதா, மின்தூக்கியில் ஏற மறுக்கிறதா, ஆண்குரலுக்கு மட்டும் அஞ்சுகிறதா என்பனவற்றை வளர்ப்பவர் குறித்து வைத்தால், அடுக்குமாடிக் குடும்பத்துக்கா தரைவீட்டுக்கா என்பது தானே தெளிவாகும்.

தத்தெடுப்போர் வளர்ப்பு வீட்டுக்கே சிலமுறை வந்து, நாயைப் பார்க்காததுபோல் அமர்ந்திருந்து பழகுவதும், ஒப்படைக்கும் நாளில் அது படுத்த விரிப்பைத் துவைக்காமல் உடன் அனுப்புவதும் மாற்றத்தின் அதிர்ச்சியைத் தணிக்கும். புது வீட்டின் முதல் வாரங்களில் நாய் தப்பியோடும் ஆபத்து மிகுதியாதலால், கழுத்துப்பட்டைக்கு ஒன்றும் மார்புப்பட்டைக்கு ஒன்றுமாக இரண்டு வார்கள் பூட்டியே அதை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். பொருந்தாமல் போனால் நாய் காப்பகத்துக்கன்றி முன்பு வளர்த்த வீட்டுக்கே திரும்பும் என்பதைத் தத்து ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இரு தரப்பார்க்கும் நல்லது.