சுவரில்லாத மனையும் அண்டையார் மதிப்பும்

நம் கிராமங்களில் பஞ்சாயத்தின் முன் வரும் வழக்குகளில் எத்தனையோ அண்டை வீட்டாருக்கிடையே எழுபவை என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவர். கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுவது, சாக்கடை எவ்வழி செல்வது, வேலி ஒரு முழம் நகர்ந்ததா இல்லையா, நடு இரவில் ஒலிபெருக்கி வைக்கலாமா என்பன போன்ற சிறு காரியங்களே நாளடைவில் பெரும் பகையாக முற்றுகின்றன. சுவரும் வேலியும் உள்ள இடத்திலேயே நிலைமை இதுவாயின், சுவரே இல்லாத ஒரு புல்வெளியில், முன்பின் அறியாத ஐம்பது குடும்பங்கள் ஒரே இரவில் வந்து தங்கினால் அங்கே அமைதி எவ்வாறு நிலவும்?

இக்கேள்விக்கு விடை காண, பிரிட்டன் நாட்டில் நெடுங்காலமாக நடைபெற்று வரும் கேரவன் தங்கல் மைதானங்களை ஆராய்வோம். இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம் பெற்றுள்ளது. இத்தகைய மைதானங்கள் அமைவதாயின், கிராமப் புறங்களிலும் வயல்களின் அருகிலும் அமையக்கூடும். ஆகவே முன்கூட்டியே அறிந்து வைத்தல் நலம்.

கேரவன் என்பது யாது?

கேரவன் என்பது சக்கரங்களின் மேல் அமைந்த சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியன அதனுள்ளேயே இருக்கும். மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வதும் உண்டு. தானே ஓடும் வண்டியாக அமைவதும் உண்டு. இன்பப் பிரயாணத்துக்கென்றே செய்யப்பட்ட முதற் கேரவன் என்று பொதுவாகக் கூறப்படுவது, கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் செய்வித்த 'வாண்டரர்' என்னும் வண்டியாகும். இரு குதிரைகள் இழுத்த அந்தப் பெரிய வண்டி குறுகிய சாலைகளில் பிறருக்கு இடையூறாக இருக்கும் என்று உணர்ந்த அவர், தம் பணியாளை முச்சக்கர மிதிவண்டியில் முன்னே அனுப்பி, எதிரே வருவோருக்கு அறிவிக்கச் செய்தார். நம் வருகையால் பிறருக்கு என்ன தொல்லை நேரும் என்பதை முன்னரே எண்ணிப் பார்க்கும் குணம் இதில் விளங்குகிறது. மைதான நெறிகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

ஆறு மீட்டர் இடைவெளி

பிரிட்டனில் 1960ஆம் ஆண்டில் கேரவன் மைதானங்களைக் குறித்துத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மைதானங்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பை அச்சட்டம் உள்ளூர் ஆட்சி மன்றங்களிடம் அளித்தது. பிரயாணக் கேரவன்கள் தங்கும் மைதானங்களுக்கென 1983இல் வெளியான மாதிரி விதிகளின்படி, வெவ்வேறு குடும்பங்கள் தங்கும் வண்டிகளுக்கிடையே 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அடி இடைவெளி இருத்தல் வேண்டும். எந்நிலையிலும் இவ்விடைவெளி 3 மீட்டருக்குக் குறைதல் கூடாது.

புதிதாக வருவோர் இவ்வளவு இடம் வீணாகிறதே என்று நினைப்பது இயல்பு. வண்டியின் பக்கத்தில் துணிப்பந்தல் கட்டுகின்றனர். காரை நடுவில் நிறுத்துகின்றனர். இன்னும் ஒரு கூடாரத்தையும் அடிக்கின்றனர். இடைவெளி மறைந்துவிடுகிறது. ஆனால் அந்த 20 அடி நிலம் அழகுக்காக விடப்பட்டதன்று, தீக்காக விடப்பட்டது. கேரவனின் சுவர் மெல்லியது. மரச்சட்டம், பஞ்சு மெத்தை, எரிவாயு உருளை யாவும் சிறிய இடத்தில் அடங்கியிருப்பதால், தீப்பற்றினால் சில நிமிடங்களில் வண்டி முழுவதும் எரிந்துவிடும். அடுத்த வண்டியில் உறங்கும் குழந்தைகளைக் காப்பது இடையிலுள்ள வெற்று நிலம்தான். அந்நிலத்தை அடைத்துக் கொள்பவர் அண்டையாரின் வசதியை மட்டுமன்றி, அவர்தம் உயிர்க் காப்பையும் பறித்துக் கொள்கிறார்.

கூரை வேய்ந்த வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே மற்றொன்றையும் கூற வேண்டும். கரி அடுப்பின் புகை அண்டையாரை வருத்துகிறதே என்று நல்லெண்ணத்துடன் சிலர் அடுப்பைத் தம் பந்தலுக்குள் இழுத்துக் கொள்வதுண்டு. மழைக்கும் குளிருக்கும் அஞ்சி அவ்வாறு செய்வாரும் உளர். அணைந்தது போல் தோன்றும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு. ஆகவே அடுப்பைத் திறந்த வெளியில், காற்றின் போக்கறிந்து, பிறர் வாயிலுக்கு எதிரில் இல்லாதவாறு வைப்பதே முறை. நல்லெண்ணத்துடன் அறிவும் சேர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலி

மைதானத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மனை ஒதுக்கப்படுகிறது. பல இடங்களில் மனைக்கு ஓர் எண்ணும், மண்ணில் அடித்த ஒரு முளையும் மட்டுமே அடையாளம். அம்முளைக்கு நேராக வண்டியின் ஒரு மூலையை நிறுத்தினால், எல்லா வண்டிகளுக்கும் இடைவெளி தானே சரியாக அமைந்துவிடும். ஒருவர் நிழலுக்காகவோ காட்சிக்காகவோ நான்கடி தள்ளி நிறுத்தினால், அடுத்தவருக்கு நான்கடி குறைகிறது.

வேலியில்லாத இம்மனைகளில் முதல் மரியாதையாகக் கருதப்படுவது, பிறர் மனையின் குறுக்கே நடவாதிருத்தலாகும். குழாயடிக்கோ கழிப்பிடத்துக்கோ செல்லும்போது இரு வண்டிகளுக்கிடையே புகுந்து சென்றால் இருபது அடி மிச்சமாகும். ஆனால் அங்கே ஒரு குடும்பம் உணவருந்திக் கொண்டிருக்கும். முதியவர் ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். பிறர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி நாம் நடப்போமா? பாதை சுற்றாயினும் பாதையிலேயே செல்ல வேண்டும் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லி வைக்கின்றனர்.

ஓசையும் ஒளியும் எல்லை அறியாதவை. ஆதலால் அவற்றுக்குக் காலத்தால் எல்லை வகுத்துள்ளனர். பெரும்பாலான மைதானங்களில் இரவு 10 அல்லது 11 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி நேரமாகும். அந்நேரத்தில் வானொலி, மின் உற்பத்தி இயந்திரம், உரத்த பேச்சு ஆகியவற்றுக்கு இடமில்லை. வண்டியின் கதவை ஓங்கிச் சாத்துவதும் குற்றமே. மெல்லிய சுவரினூடே அவ்வோசை அண்டை வண்டிகளில் உறங்குவோரை எழுப்பிவிடும். வெளிவிளக்கு பிறர் சன்னலில் விழுமாயின் உறங்கப் போகுமுன் அணைத்துவிடுதல் வேண்டும்.

தண்ணீரும் கழிவும்

குடிநீர்க் குழாய் பலருக்கும் பொது. அங்கே பாத்திரம் துலக்குவதும், கழிப்பெட்டியை அலம்புவதும் கூடா. கழிப்பெட்டியைக் காலி செய்யவும் அலம்பவும் தனி இடம் உண்டு. பாத்திரம் கழுவிய நீரையும் வண்டியின் அடியில் ஓடவிடாமல், வாளியில் பிடித்து, உரிய தொட்டியில் ஊற்ற வேண்டும். அடுத்து வரும் குடும்பம் அதே மண்ணில்தான் பாய் விரிக்கும்.

கழிப்பெட்டியில் ஊற்றும் ரசாயனத்தைக் குறித்து விவசாயிகள் ஒன்றை அறிய வேண்டும். சில ரசாயனங்களில் ஃபார்மால்டிஹைடு கலந்துள்ளது. அது செப்டிக் டாங்க்கில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். டாங்க் வேலை செய்யாது போனால் கழிவு அப்படியே வெளியேறி நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். ஆகையால் செப்டிக் டாங்க் உள்ள பண்ணைகளில், அந்த ரசாயனம் கலவாத திரவத்தையே பயன்படுத்துமாறு கேட்டுக் கொள்கின்றனர்.

வேலிக்கு அப்பாலும் அண்டையார் உண்டு

அண்டையார் என்போர் அடுத்த வண்டியில் இருப்போர் மட்டுமல்லர். மைதானத்தின் வேலிக்கு அப்பால் ஆடுமாடு மேய்க்கும் விவசாயியும் அண்டையாரே. பிரிட்டனில் 1951ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்துக்கு வருவோருக்கென ஒரு நெறிமுறை வெளியிடப்பட்டது. அது பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, இங்கிலாந்தில் 2021இல் புதுப்பிக்கப்பட்டது. படலைத் திறந்தால் மூடுக, திறந்தே இருந்தால் அவ்வாறே விடுக என்பது அதன் கருத்துகளில் ஒன்று. மாடு தண்ணீருக்குச் செல்வதற்காக விவசாயி திறந்து வைத்திருக்கும் படலை நல்லெண்ணத்தோடு மூடினாலும் நட்டமே.

நாயைக் குட்டையான வாரில் கட்டி நடத்துவதும், அதன் மலத்தை உடனே அகற்றுவதும் மைதான விதிகள். தூய்மை மட்டும் இதற்குக் காரணமன்று. நியோஸ்போரா என்னும் கிருமி நாயின் மலத்தின் வழியாக மேய்ச்சல் புல்லில் சேரக்கூடும். அப்புல்லைத் தின்ற சினை மாடு கன்று வீசிவிடலாம். நகரத்திலிருந்து வந்தவருக்கு அது ஒரு சிறு அசட்டை. விவசாயிக்கோ ஓர் ஆண்டின் வருவாய்.

குறையைச் சொல்லும் முறை

விதிகள் எவ்வளவு இருப்பினும் மனத்தாங்கல் நேரவே செய்யும். அவ்வேளையில் நேரே சென்று, தனிமையில், இன்சொல்லால் கூறுவதே முதற்படி. அறியாமல் செய்தவர் பெரும்பாலும் உடனே திருத்திக் கொள்வர். இரண்டாம் முறையும் நேர்ந்தால் மைதானப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். நள்ளிரவில் கூச்சலுக்கு மறு கூச்சல் எழுப்புவது உறங்கும் ஐம்பது குடும்பங்களையும் வழக்கில் இழுத்துவிடுவதாகும். பொறுப்பாளரும் ஆள் பார்த்து விதியைத் தளர்த்தாமல் இருத்தல் வேண்டும். ஒருவருக்கு விட்டுக் கொடுத்தால் மற்றவர் அனைவரும் விதியை அவமதிக்கத் தொடங்குவர்.

ஐந்து வண்டிப் பண்ணைகள்

முன்கூறிய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவசாயிகளுக்குப் பயனுள்ள ஓர் ஏற்பாடு உண்டு. விலக்குப் பெற்ற கேரவன் சங்கங்கள், தம் அங்கத்தினர்கள் தங்குவதற்காக, ஒரே சமயத்தில் 5 கேரவன்களுக்கு மேற்படாத சிறு மைதானங்களுக்குச் சான்று அளிக்கலாம். பண்ணைக்காரர் பலர் இவ்வாறு ஒரு சிறு புல்வெளியை ஒதுக்கி உபரி வருமானம் பெறுகின்றனர். ஐந்து வண்டிகள்தானே என்று அங்கே நெறிகள் தளர்வதில்லை. ஒரு வண்டியின் இரைச்சலால் மற்ற நால்வரும் மறுமுறை வாராது போனால் பண்ணைக்காரரின் வருமானம் போகும். பக்கத்து நிலத்துக்காரர் மனம் வருந்தினால் ஊர் ஒற்றுமையே போகும்.

நாம் கற்க வேண்டியவை

இவற்றிலிருந்து நமக்குத் தெளிவாகும் உண்மை ஒன்று. சுவரில்லாத இடத்தில் மக்களைக் காப்பது, காரணம் அறிந்து போற்றப்படும் எல்லையாகும். 6 மீட்டர் விடுக என்று மட்டும் கூறினால் மக்கள் நாளடைவில் மீறுவர். தீ பரவும் என்று கூறினால் தாமே காவலிருப்பர். விதியோடு காரணத்தையும் எழுதி வைப்பது பஞ்சாயத்துகள் மேற்கொள்ளத்தக்க முறை.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம்:

1. நம் ஊரில் வெளியூரார் வண்டிகளுடன் வந்து தங்கும் இடம் எது? அவர்கள் வருமுன்னரே இடைவெளி விட்டு முளை அடிக்கப்படுகிறதா?

2. குடிநீருக்கும் கழிவுக்கும் தனித்தனி இடம் காட்டப்பட்டுள்ளதா? கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் போதிய தூரம் உண்டா?

3. பக்கத்து நிலத்து விவசாயியின் கருத்தைக் கேட்டோமா?

4. குறை ஏற்படின் இரவிலும் அணுகத்தக்க ஒரு பொறுப்பாளர் உண்டா?

ஒரு நாள் தங்கிச் செல்பவரும் நமக்கு அண்டையாரே. அவருக்கு நாமும் அண்டையாரே. அவர் சென்ற பின் புல் மட்டும் சற்றுப் படிந்திருக்க, வேறு தடயம் ஏதுமின்றி நிலம் இருக்குமானால், வந்தவரும் இருந்தவரும் தத்தம் கடமையைச் செய்தவராவர்.