மருந்துக்கு அகப்படாத தேமல்

கேள்வி: கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருக்கிறோம். தேமல் நோய்க்கு எத்தனை முறை மருந்தடித்தும் போகவில்லையே, ஏன்? – கள்ளக்குறிச்சி வாசகர்

பதில்: நீங்கள் அடிக்கும் மருந்து பூச்சியைக் கொல்லும், நோயை உண்டாக்குவதோ வைரஸ். அது செடியின் உணவுக்குழாய்த் திசுவில் குடியிருக்கிறது. அங்குள்ள சல்லடைக்குழாய் செல்கள் சர்க்கரையைக் கடத்துவதற்காகத் தம் உட்கருவையே இழந்தவை. வைரஸ் பெருக உட்கரு வேண்டும். ஆகவே பக்கத்திலுள்ள துணைச்செல்களில் பெருகி, சல்லடைக்குழாய் வழியே செடி முழுதும் பரவுகிறது. அந்தச் செடியில் வெட்டிய கரணை பெரும்பாலும் வைரஸோடுதான் முளைக்கும். குழாய்த்திசு இன்னும் உருவாகாத குருத்து நுனியில் மட்டும் வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. திசு வளர்ப்பில் நோயற்ற செடி எடுப்பது அதனால்தான்.

‘நல்ல கரணை நட்டாலும் வெள்ளை ஈ கொண்டுவந்து விடுமே’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே அளவு நட்டமல்ல. கரணையிலேயே நோய் இருந்தால் முதல் இலையிலிருந்தே தேமல் தெரியும், கிழங்கும் வெகுவாகக் குறையும். ஈயால் பிந்தி வந்தால் கீழ் இலைகள் தெளிவாக இருக்கும், மேலே மட்டும் தேமல் காணும், இழப்பு குறைவு. தொற்றிய செடியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. எனவே மருந்துச் செலவைவிடக் கரணைத் தேர்வுக்கே முதலிடம் தருவேன். தேமல் கண்ட இளஞ்செடிகளைப் பிடுங்கி அழியுங்கள். அறுவடைக்கு முன்பே தெளிந்த செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றில் மட்டும் கரணை எடுங்கள். ரகம் பற்றி ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.