பீடத்துக்கு எந்தக் கல்?

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர் சிப்காட்டை ஒட்டி எழும் புதிய ஆலயத்துக்குப் பீடமும் திருமுழுக்குத் தொட்டியும் செய்யும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. மைசூர் புனித பிலோமினா பேராலயத்தின் படங்களை அனுப்பி, இதிலிருந்து என்னென்ன சின்னங்களை எடுத்துச் செதுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எந்தக் கல்லை எடுக்கப்போகிறாய்?

நிலையான பீடத்தின் மேற்பலகை கல்லாக, அதுவும் ஒரே இயற்கைக் கல்லாக இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய வழக்கம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1236ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆயர் பேரவை ஏற்றால் வேறு உறுதியான பொருளிலும் செய்யலாம். ஆனால் உலகமெங்கும் கல்லை ஏற்றி அனுப்பும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நமக்கு ஏன் அந்தச் சலுகை? கிறிஸ்துவை மூலைக்கல்லாக நினைப்பவர்கள் கூடும் இடம் அது. கான்கிரீட் மேடை கட்டி 18 மி.மீ. ஸ்லாப் ஒட்டினால் பார்க்கப் பீடம் போலத்தான் இருக்கும். பொருள் அங்கேயே செத்துவிடும். நல்ல பிளாக்காகப் பார்த்து ஒரே பலகையாக அறுத்து வாங்கு. கண்ணாடிப் பாலிஷ் வேண்டாம். டியூப்லைட் பட்டால் கல் மறைந்து வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

பலகையின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து சிறு சிலுவைகளை உளியால் வெட்டு. இடைக்காலத்தில் ஐந்து திருக்காயங்களின் நினைவாக இப்படி வெட்டினார்கள். ஆயர் பீடத்தை அர்ச்சிக்கும்போது அந்த இடங்களில்தான் திருத்தைலம் பூசினார். கை தொட வேண்டிய இடத்தைக் காட்டுவதற்காகவே அந்தக் குறி அங்கே இருந்தது. சின்னம் என்றால் எனக்கு இதுதான்.

பாரிசை அடுத்த சான் தெனி மடாலயத்தில் 1144இல் புதிய பீடப்பகுதியை அர்ச்சித்த மடாதிபதி சுஜேர், நடுவில் நிற்கும் பன்னிரண்டு தூண்களைத் திருத்தூதர்களாகவும், பக்கச் சுற்றில் நிற்கும் பன்னிரண்டை இறைவாக்கினர்களாகவும் எழுதிவைத்தார். அந்தத் தூண்களை எடுத்துவிட்டால் கூரை விழுந்துவிடும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாந்த் நகரத்து ஆயர் துராண்டஸ், கோயிலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் சொல்லி ஒரு நூலே எழுதினார். சன்னல்கள் மறைநூல்கள், காற்றையும் மழையையும் தடுத்து வெயிலின் ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றன. கற்கள் நம்பிக்கையாளர்கள், அவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் சுண்ணாம்பு அன்பு. அவர் எழுதியதற்கு முன்பே எத்தனையோ பேராலயங்கள் எழுந்து நின்றன. மழை உள்ளே வராதபடி சன்னல் வைக்கத் தெரிந்த கொத்தனார் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்ததால்தான் ஆயரால் அதில் ஒரு பொருளைக் காண முடிந்தது. இந்த வரிசையை நீ மறக்கக் கூடாது.

அடுத்து திசை. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் வடக்கு வட்டச் சன்னலில் மரியாவும் பழைய ஏற்பாட்டு அரசர்களும் இறைவாக்கினர்களும் இருக்கிறார்கள். தெற்குச் சன்னலில் மாட்சியோடு வீற்றிருக்கும் கிறிஸ்து. அங்கே சூரியன் எப்போதும் தெற்கேதான் போகும், வடசுவரில் நண்பகல் வெயில் விழுவதே கிடையாது. வரவிருக்கும் ஒளிக்குக் காத்திருந்தவர்களை நிழல் பக்கத்திலும், வந்த ஒளியைத் தெற்கிலும் வைத்தது அந்த மண்ணில் கச்சிதமாகப் பொருந்தியது. ஓசூரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்து வைத்தால் நம் வானமே அதை மறுக்கும். கட்டடப் பொறியாளரிடம் இதைச் சொல். பீடத்தின்மேல் காலைத் திருப்பலி நேரத்தில் எங்கிருந்து வெளிச்சம் விழுகிறது என்று நீயே போய் நின்று பார்.

பிலோமினா ஆலயம் எனக்கும் பிடிக்கும். 1933இல் அடிக்கல் நாட்டி, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. ஆனால் நீ முதலில் பார்க்க வேண்டியது சென்னைப் பரங்கிமலை. 1547இல் அங்கே ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. சுற்றிலும் பாரசீக நாட்டுப் பஹ்லவி எழுத்து. கோதிக் கோபுரங்கள் எழுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முந்தையது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை. கைகளின் நுனியில் மொட்டு விரிகிறது, மேலிருந்து புறா இறங்குகிறது, அடியில் தாமரை இதழ்கள். இருபுறத் தூண்களின்மேல் மகரங்கள் வாய்திறந்து வளைவைத் தாங்குகின்றன. நீ கோயில் வேலையில் வெட்டிப் பழகிய அதே மகர தோரணம்! எங்கிருந்தோ வந்த நம்பிக்கையை இந்தப் பக்கத்து உளி தனக்குத் தெரிந்த வடிவத்திலேயே சொல்லியிருக்கிறது. இதே வகைச் சிலுவை கோட்டயம் வலியபள்ளியிலும் உண்டு. உனக்குக் கைவந்த தாமரையை விட்டுவிட்டு, பார்த்தறியாத ஐரோப்பிய இலையை ஏன் செதுக்க வேண்டும்?

உன் ஆலயத்துக்கு வரப்போகிறவர்களை நினைத்துப் பார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் எல்லையூர்க்காரர்கள், ஷிப்ட் முடிந்து வரும் ஜார்க்கண்ட், ஒடிசா பிள்ளைகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஓர் எழுத்துகூட இல்லை. பீடத்தின் முகப்பில் தமிழில் வசனம் பொறிக்கப் பங்குத்தந்தை ஆசைப்பட்டால் பணிவாக எடுத்துச் சொல். அங்கே மொட்டவிழும் சிலுவை ஒன்று போதும்.

தொட்டியை எண்கோணமாகவே செய். படைப்பின் ஏழு நாள்களுக்கு அடுத்த எட்டாம் நாள் உயிர்ப்பின் நாள். அதனால்தான் நான்காம் நூற்றாண்டு மிலானில் திருமுழுக்குக் கூடத்தையே எட்டுப் பக்கமாகக் கட்டினார்கள். 24 அங்குலச் சதுரக் கல்லில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 7 அங்குலம் குறித்து மூலையை வெட்டினால் எட்டுப் பக்கமும் ஏறக்குறைய 10 அங்குலமாக வந்துவிடும். சிஎன்சியில் அறுத்துக்கொள், விளிம்பை மட்டும் கையால் முடி. குழந்தையை ஏந்தும் தாயின் முழங்கை அதில்தான் படும்.

அடியில் துளையிட மறந்துவிடாதே. மந்திரித்த தண்ணீர் சாக்கடையில் சேரக் கூடாது, நேரே மண்ணில் இறங்க வேண்டும். தரை போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. இந்த வாரமே பிளம்பரைப் பார்த்துக் குழாய் போகும் இடத்தைக் குறித்துவிட்டு டிராயிங்கை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்